பணயமும் நிபந்தனையும்

பாரதத்தின் சூதாட்டத்தை நாம் பெரும்பாலும் ஓர் ஒழுக்கக் கதையாகவே படித்து வந்திருக்கிறோம். சூதின் தீமைக்கு அதைவிடப் பெரிய சான்று நமக்கு வேண்டியிருந்ததில்லை. ஆனால் சபா பருவத்தை ஓர் ஒப்பந்தத்தின் கதையாகவும் படிக்க முடியும். அப்படிப் படிக்கத் தொடங்கினால், காய்கள் உருளுவதற்கு முன்பும் பின்பும் அந்த அவையில் நிகழ்பவை யாவும் நிபந்தனைகளைப் பற்றிய வழக்காகவே இருப்பதைக் காண்கிறோம்.

ஆட்டம் தொடங்கும்போதே ஒரு நிபந்தனை மாறுகிறது. பணயம் வைப்பவன் துரியோதனன், காய் உருட்டுபவன் சகுனி. ஒருவனுக்காக இன்னொருவன் ஆடுவது முறையன்று என்று தருமன் சொல்கிறான். ஆனால் சொன்னதோடு நின்றுவிடுகிறான். மறுத்து எழவில்லை, உட்கார்ந்து ஆடுகிறான். தனக்கு எதிரான நிபந்தனையை அறிந்தே ஏற்றுக்கொண்ட முதல் ஆட்டக்காரன் அவன் என்றுகூடச் சொல்லத் தோன்றுகிறது. பின்னர் எல்லாம் தோற்ற பிறகு, தன்னை அழைக்க வந்த தேர்ப்பாகனிடம் திரௌபதி ஒரு கேள்வியைக் கொடுத்தனுப்புகிறாள். தருமன் முதலில் தோற்றது தன்னையா, என்னையா என்பதே அது. பாரதியின் பாஞ்சாலி சபதம் வழியாக அக்கேள்வியின் சீற்றத்தை நாம் அறிவோம். அதற்குள் இருக்கும் சட்ட நுட்பத்தை அவ்வளவாகக் கவனித்ததில்லை. தன்னைத் தோற்று அடிமையாகிவிட்டவனுக்குப் பணயம் வைக்கும் உரிமை எங்கிருந்து வந்தது? உரிமை இல்லையெனில் அந்தப் பணயம் செல்லுமா? பீஷ்மர் அறம் நுட்பமானது என்று சொல்லி ஒதுங்கிக்கொள்ள, விகர்ணன் ஒருவனே எழுந்து அது செல்லாது என்று வாதிடுகிறான்.

இரண்டாவது ஆட்டத்தில் நிபந்தனை தெளிவாகச் சொல்லப்படுகிறது. 12 ஆண்டு காடு, 13ஆம் ஆண்டு மறைந்து வாழ்தல், இடையில் கண்டுபிடிக்கப்பட்டால் மீண்டும் 12 ஆண்டு. இதில் ஐயத்துக்கு இடமில்லை என்றே தோன்றும். ஆனால் விராட பருவத்தில் அருச்சுனன் வெளிப்பட்டதும், காலம் முடிந்ததா இல்லையா என்ற வழக்கு எழுகிறது. ஆண்டு என்றால் எந்த ஆண்டு? ஐந்தாண்டுக்கு இரண்டு மாதம் மிகும் என்றும், அக்கணக்கில் 13 ஆண்டுகளில் ஐந்து மாதமும் பன்னிரண்டு இரவும் கூடுதலாகிவிட்டன என்றும், ஆகவே காலம் நிறைவேறியது என்றும் பீஷ்மர் கணக்குச் சொல்கிறார். துரியோதனன் ஏற்கவில்லை. ஒரு சொல்லுக்கு இரு தரப்பும் இருவேறு பொருள் கொண்டதன் விளைவு குருக்ஷேத்திரம் வரை சென்றது. நிபந்தனைகளைப் படிப்பது எத்துணை பெரிய காரியம் என்பதற்கு நம் மரபில் இதைவிட வலிய எடுத்துக்காட்டு இல்லை.

* * *

ஆட்டத்தின் விதி ஆடுபவர்களுக்கிடையிலான பேச்சாக மட்டும் இருந்த காலம் நெடுநாள் நீடிக்கவில்லை. அர்த்தசாஸ்திரம் சூதுக்கென்றே ஓர் அதிகாரியை வைக்கிறது. சூது ஓரிடத்தில்தான் நடக்கவேண்டும். வேறிடத்தில் ஆடினால் 12 பணம் தண்டம். காய்களை அதிகாரியே தருவார், அதற்கு வாடகை உண்டு. வென்றவனின் தொகையில் நூற்றுக்கு ஐந்து பங்கு அரசுக்கு. இங்கே கூர்ந்து நோக்கத்தக்கது ஒன்றுண்டு. ஆடும் இருவரில் யார் வென்றாலும் தோற்றாலும், இடம் கொடுத்தவனுக்கு வருமானம் நிற்பதில்லை. ஆட்டத்தில் மூன்றாவதாக ஒரு தரப்பு வந்து அமர்ந்துவிட்டது. அதன் பிறகு நிபந்தனைகளை எழுதும் கை அந்த மூன்றாம் தரப்பினுடையதாகவே இருந்து வந்திருக்கிறது.

தமிழில் அந்த இடத்துக்குக் கழகம் என்று பெயர். திருக்குறளின் சூது என்னும் 94ஆம் அதிகாரத்தில் கழகம் என்ற சொல் சூதாடும் களத்தையே குறிக்கிறது. இன்று அச்சொல் வேறு பொருளில் வழங்குகிறது என்பது சொற்களின் விதி.

ஐரோப்பாவில் வேறொரு வழியில் இதே சிக்கல் எழுந்தது. மூன்று சுற்று முதலில் வெல்பவருக்கே முழுப்பணம் என்று இருவர் ஆடுகிறார்கள். ஒருவர் இரண்டு சுற்றும் மற்றவர் ஒரு சுற்றும் வென்ற நிலையில் ஆட்டம் நின்றுபோகிறது. பணத்தை எப்படிப் பிரிப்பது? இத்தாலியப் பாதிரியார் லூகா பசியோலி 1494இல் அச்சான தம் கணக்கு நூலில், வென்ற சுற்றுகளின் விகிதப்படி பிரிக்கலாம் என்றார். அது பலருக்கு நிறைவளிக்கவில்லை. 1654இல் பாஸ்கலும் ஃபெர்மாவும் கடிதம் வழியாக இதற்கு விடை கண்டார்கள். ஆளுக்கு 32 பொற்காசு வைத்திருந்தால் மொத்தம் 64. அடுத்த சுற்றில் முன்னிருப்பவர் வென்றால் அவருக்கு 64, தோற்றால் சமநிலை, அப்போதும் 32. ஆகவே 32 அவருக்கு உறுதி, எஞ்சிய 32இல் பாதி அவர் பங்கு. அவருக்கு 48, மற்றவருக்கு 16. நடந்து முடிந்ததை எண்ணாமல், நடக்கக்கூடியதை எண்ணிப் பிரித்தார்கள். நிகழ்தகவு என்று நாம் பள்ளியில் படிக்கும் கணிதத்தின் பிறப்பு அக்கடிதங்களில்தான் என்பார்கள். ஒரு நிபந்தனை எழுதப்படாமல் விடப்பட்ட இடைவெளியில் ஒரு கணிதத் துறை பிறந்தது என்று நாம் சொல்லலாம்.

ஆனால் அக்கணிதம் விரைவிலேயே கூடம் நடத்துபவர்களின் கைக்குப் போயிற்று. வெனிஸ் நகர அரசு 1638இல் ரிதோத்தோ என்னும் சூதுக்கூடத்தைத் திறந்து, 1774இல் அதை மூடியது. பிறகு வந்த ரூலெட் சக்கரத்தை எடுத்துக்கொள்வோம். ஒற்றைச் சுழியம் உள்ள சக்கரத்தில் 37 குழிகள். ஓர் எண்ணில் வைத்து வென்றால் ஒன்றுக்கு 35 தருவார்கள், வைத்ததும் திரும்பும். ஒவ்வோர் எண்ணிலும் ஒரு காசு வைத்தால் 37 காசு செலவு, கைக்குத் திரும்புவது 36. குறைகிற அந்த ஒரு காசுதான் கூடத்தின் வாழ்வு. நூற்றுக்கு ஏறத்தாழ 2.7. சுழியம் இரண்டானால் 5.26. 1840களில் ஜெர்மனியின் ஹோம்பர்க்கில் பிளாங்க் சகோதரர்கள் ஒற்றைச் சுழியச் சக்கரத்தை வைத்துக் கூட்டத்தை ஈர்த்தார்கள். அவர்களுள் ஒருவரான பிரான்சுவா 1863இல் மொனாக்கோவின் கூடத்தை ஏற்று நடத்தி அதைப் புகழ்பெறச் செய்தார். அந்தக் காலத்து நிபந்தனைக்கு ஒரு நேர்மை இருந்தது. அது சக்கரத்தின் மேலேயே எழுதியிருந்தது. எண்ணத் தெரிந்தவர் எவரும் படிக்கலாம்.

* * *

இங்கிலாந்தின் சட்ட வரலாறு நமக்கு இன்னும் நெருக்கமானது. 1710இல் ஆன் அரசியின் காலத்துச் சட்டம், பத்து பவுனோ அதற்கு மேலோ சூதில் இழந்தவர் மூன்று மாதத்துக்குள் வழக்குத் தொடுத்து அதை மீட்கலாம் என்றது. 1845ஆம் ஆண்டின் சட்டம் வேறு வழியில் போயிற்று. பந்தய ஒப்பந்தங்கள் செல்லாதவை, அவற்றை வைத்து எவரும் வழக்காட முடியாது என்று அறிவித்தது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆம் பிரிவும் அதே கொள்கையைத்தான் சொல்கிறது. சூதில் பட்ட கடன் மானக் கடனாயிற்று. கொடுப்பதும் கொடாததும் அவரவர் மானத்தைப் பொறுத்தது. நீதிமன்றம் அந்தச் சீட்டைப் படிக்கவே மறுத்துவிட்டது. நிபந்தனை எப்படி எழுதப்பட்டிருந்தாலும் அதற்குப் பொருள் இல்லை.

இந்நிலை ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. 2005ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2007 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சூதாட்டச் சட்டம், பந்தய ஒப்பந்தமும் மற்ற ஒப்பந்தங்களைப் போலவே செல்லும் என்றது. வென்றவர் வழக்காடித் தம் பணத்தைப் பெறும் உரிமை அப்போதுதான் வந்தது. ஆனால் அதே வாசல் வழியாக இன்னொன்றும் உள்ளே வந்தது. ஒப்பந்தம் செல்லுமெனில் அதில் எழுதப்பட்ட நிபந்தனைகளும் செல்லும். அவற்றை எழுதுபவரோ கூடத்தின் உரிமையாளர்.

எழுதிவிட்டால் மட்டும் போதுமா என்ற கேள்விக்கு இங்கிலாந்தின் நீதிபதிகள் சூதாட்டத்துக்கு வெளியே ஏற்கெனவே விடை தேடியிருந்தார்கள். 1877இல் ஒரு பயணி தன் பையை ரயில் நிலையத்தின் பொருள் பாதுகாப்பு அறையில் வைத்துச் சீட்டு வாங்கினார். சீட்டின் பின்புறம், பத்து பவுனுக்கு மேற்பட்ட பொருளுக்கு நிர்வாகம் பொறுப்பன்று என்று இருந்தது. பை காணாமற்போயிற்று. நிபந்தனையை அவர் படிக்கவில்லை என்பது மட்டும் வழக்கை முடிக்காது, அதை அவர் கவனத்துக்குக் கொண்டுவர நிர்வாகம் போதிய முயற்சி செய்ததா என்று பார்க்கவேண்டும் என்றது மேல்முறையீட்டு மன்றம். 1956இல் டென்னிங் பிரபு ஒரு படி மேலே போனார். சில நிபந்தனைகள் அவ்வளவு கடுமையானவை. அவற்றைச் சிவப்பு மையில் அச்சிட்டு, அதைச் சுட்டும் சிவப்புக் கை ஒன்றையும் வரைந்தால்தான் செல்லும் என்னும் கருத்தை அவர் முன்வைத்தார். 1970இல் வாகன நிறுத்தத்தின் தானியங்கிச் சீட்டு இயந்திரம் பற்றிய வழக்கு அவர் முன் வந்தது. இயந்திரத்தோடு வாதாட முடியாது, காசு போட்ட கணமே ஒப்பந்தம் முடிந்துவிட்டது, அதன்பின் கைக்கு வரும் சீட்டில் என்ன எழுதியிருந்தாலும் காலம் கடந்ததே என்பது அவர் தீர்ப்பின் சாரம்.

* * *

1994இல் கரீபியக் கடலின் ஆன்டிகுவா தீவு தன் வணிக மண்டலச் சட்டத்தின் வழி இணையச் சூதாட்டத்துக்கு உரிமம் வழங்கும் பாதையைத் திறந்தது. ஓரிரு ஆண்டுகளில் கூடங்கள் திரைக்குள் குடிபெயர்ந்தன. சக்கரத்தின் மேல் இருந்த நிபந்தனை இப்போது பல பக்கங்கள் கொண்ட ஆவணமாயிற்று. அதற்கும் ஆடுபவருக்கும் நடுவே ஒரே ஒரு சிறு கட்டம்: ஏற்கிறேன்.

அந்த ஆவணத்தில் என்னதான் இருக்கிறது? வரவேற்புப் பரிசாக 100 பவுன் என்று ஒரு தளம் சொல்கிறது என்று கொள்வோம். அதை வெளியே எடுப்பதற்கு முன் 40 மடங்கு ஆடவேண்டும் என்று நிபந்தனை. அதாவது 4000 பவுனுக்குப் பந்தயம் கட்டவேண்டும். கூடத்தின் பங்கு நூற்றுக்கு நான்கு எனில், சராசரியாக இழப்பது 160 பவுன். கிடைத்த பரிசு நூறு. பரிசென்று வந்தது உண்மையில் ஓர் அழைப்புச் செலவு. அடுத்த பிரிவில் இன்னொன்று: பிளாக்ஜாக் போன்ற சீட்டாட்டங்களில் கட்டும் பணத்தில் பத்தில் ஒரு பங்கே இக்கணக்கில் சேரும். அப்படியானால் 4000 என்பது 40,000 ஆகிறது. அதற்கடுத்து, பரிசுப்பணம் கையில் இருக்கும்வரை ஒரு சுற்றில் இவ்வளவுக்கு மேல் வைத்தால் வென்றதெல்லாம் செல்லாது என்று ஒரு வரி. நாட்பட ஆடாதிருந்தால் கட்டணம் என்று ஒரு வரி. பணம் எடுக்கும்போது மட்டும் அடையாளச் சான்று கேட்கும் ஒரு வரி. இவற்றோடு, ஆட்டக்காரரின் நாட்டுச் சட்டம் சூதைத் தடுத்திருந்தால் அவர் வென்றது அவருக்கு உரியதன்று என்னும் வரியையும் பல தளங்களில் காணலாம். இந்தியாவில் 2025 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற இணைய விளையாட்டுச் சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்கிறது. அந்நிலையில் இந்த ஒரு வரியின் கனத்தை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். இழந்த பணத்தை எடுத்துக்கொள்ளத் தடையாக இல்லாத ஒரு தேசத்துச் சட்டம், வென்ற பணத்தைக் கொடுக்கும்போது மட்டும் நினைவுக்கு வருகிறது.

2018இல் பிரித்தானியாவின் போட்டி மற்றும் சந்தை ஆணையத்தின் நடவடிக்கைக்குப் பின், ஆட்டக்காரர் சொந்தமாகப் போட்ட பணத்தை எடுப்பதற்குப் பலமுறை ஆடியாகவேண்டும் என்று கட்டாயப்படுத்துவதில்லை என லாட்புரோக்ஸ், வில்லியம் ஹில் உள்ளிட்ட நிறுவனங்கள் உறுதியளித்தன. பரிசுப்பணத்தின் மடங்கு பத்துக்கு மேல் போகக்கூடாது என்று அந்நாட்டுச் சூதாட்ட ஆணையம் 2025இல் அறிவித்தது. மேலே போட்ட கணக்கில் பத்து மடங்கு என்றால் 1000 பவுன் பந்தயம், சராசரி இழப்பு 40. பரிசு அப்போதுதான் பரிசாகிறது. ஓர் எண்ணை மாற்றியதால் ஒரு சொல்லின் பொருள் திரும்பக் கிடைத்தது.

* * *

மூன்று வழக்குகளைச் சொல்லவேண்டும். வழக்காடியவர்களின் பெயர்கள் இங்கே தேவையில்லை.

முதலாவது: 2018 ஜனவரியில் லிங்கன்ஷயரைச் சேர்ந்த ஒருவர் பெட்ஃபிரெட் நிறுவனத்தின் பிளாக்ஜாக் ஆட்டமொன்றைத் தம் கைப்பேசியில் ஆடி 17 லட்சம் பவுனுக்கு மேல் வென்றார். சில நாளில் நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது. மென்பொருளில் பிழை, நிபந்தனைப்படி பிழையான ஆட்டம் செல்லாது, பணம் தர இயலாது என்றார்கள். மூன்றாண்டு கழித்து, 2021 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அந்த நிபந்தனைகளின் சொற்கள் நடந்த நிகழ்வைத் தெளிவாகத் தழுவவில்லை, அவை ஆட்டக்காரரின் கண்ணில் படும்படி வைக்கப்படவும் இல்லை என்பது நீதிபதியின் முடிவு. அறுபது ஆண்டுக்கு முந்தைய சிவப்புக் கையின் நிழலை நாம் இங்கே காண்கிறோம்.

இரண்டாவது: 2015இல் ஒரு பெண்மணி பிரித்தானியத் தேசிய லாட்டரியின் இணைய ஆட்டமொன்றை ஆடினார். திரையில் பத்து பவுன் பரிசுக்குரிய எண்கள் ஒளிர்ந்தன. அதே திரையில் பத்து லட்சம் பவுனுக்குரிய இரு எண்களும் ஒத்திருந்தன. ஆனால் அவை ஒளிரவில்லை. மென்பொருளின் பிழை அது என்றது லாட்டரியை நடத்திய கேமலாட் நிறுவனம். வழக்கு மேல்முறையீட்டு மன்றம் வரை சென்று 2024இல் முடிந்தது. அவருக்குக் கிடைத்தது பத்து பவுன். ஏற்கிறேன் என்று அவர் அழுத்தியதன் வழி நிபந்தனைகள் ஒப்பந்தத்தில் சேர்ந்துவிட்டன, அவை எளிதில் எடுத்துப் படிக்கும்படியே இருந்தன, அவற்றின்படி பரிசு பத்து பவுனே என்றது மன்றம்.

மூன்றாவது: 2020இல் இன்னொரு பெண்மணி பேடி பவர் தளத்தின் ஆட்டத்தில் சக்கரத்தைச் சுழற்றினார். பத்து லட்சம் பவுனுக்கு மேற்பட்ட பெரும்பரிசில் போய் நின்றது. நிறுவனம் 20,000 பவுனை ஒட்டிய தொகையை மட்டும் தந்தது. கணினியின் எண் தேர்வு சிறிய பரிசையே காட்டியது, திரையில் தெரிந்தது பிழை, கணினிப் பதிவே இறுதி என நிபந்தனை சொல்கிறது என்று வாதிட்டது. 2025 மார்ச்சில் உயர் நீதிமன்றம் பெண்மணியின் பக்கம் நின்றது. கண்டதே கிடைக்கும் என்றுதான் ஆடுபவர் கொள்வார், அதைக் கவிழ்க்கும் ஒரு நிபந்தனையை மூலையில் ஒளித்து வைப்பது போதாது என்பது தீர்ப்பின் போக்கு.

இந்த மூன்றையும் அருகருகே வைத்தால் ஓர் ஆறுதலும் ஓர் எச்சரிக்கையும் கிடைக்கின்றன. எழுதுபவருக்கும் கடமை உண்டு என்று மன்றம் சொல்வது ஆறுதல். படிக்கவில்லை என்பது எப்போதும் காப்பாற்றாது என்பது எச்சரிக்கை. முதல் வழக்கிலும் மூன்றாம் வழக்கிலும் வென்றவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தே வென்றார்கள். அதற்கு வழக்கறிஞரும் பொறுமையும் வேண்டும். ஐம்பது பவுன் பறிபோனவர் எவரும் உயர் நீதிமன்றம் போவதில்லை. பெரும்பான்மையோருக்கு அந்த ஆவணமே முதல் மன்றமும் கடைசி மன்றமும்.

படிப்பு சூதை வெல்லும் கருவியன்று என்பதையும் சொல்லிவிடவேண்டும். எவ்வளவு கவனமாகப் படித்தாலும் 37 குழிகள் 36 ஆகிவிடப் போவதில்லை. படிப்பதால் கிடைப்பது ஒன்றே: உட்காருவதற்கு முன் எழுந்து போகும் வாய்ப்பு. தருமனுக்கு அது கிடைத்தது. ஒருவனுக்காக இன்னொருவன் ஆடுவது முறையன்று என்று அவனே சொன்ன அந்தக் கணம் அது. அவன் படிக்காமல் தோற்றவன் அல்லன். படித்தபின்னும் எழாமல் தோற்றவன்.

நாம் படிப்பவர்கள். ஒரு வரியின் ஒரு சீருக்காக இரவெல்லாம் வாதிடுகிறோம். உரையாசிரியர்கள் ஒரு சொல்லுக்குக் கொண்ட பொருளை ஒப்பிட்டு மகிழ்கிறோம். அந்த நாமே, நம் பணத்தையும் சிலபோது வீட்டாரின் வாழ்வையும் கட்டிப்போடும் பக்கங்களை ஒரு வரிகூடப் பார்க்காமல் விரல் நுனியால் ஒப்பமிட்டுக் கடக்கிறோம். அவை அழகற்ற உரைநடை என்பது உண்மைதான். அழகற்றதாக எழுதப்பட்டிருப்பதே நாம் படிக்காமல் போவதற்காகத்தானோ என்ற ஐயமும் எழாமலில்லை. திரௌபதி அவையில் கேட்டது ஒரு வாசகியின் கேள்வி. எது முதலில், எது பிறகு, எந்த உரிமையில் என்று அவள் வரிசையைப் படித்தாள். அவையில் எவராலும் அதற்கு விடை சொல்ல முடியவில்லை. அவள் அதைக் கேட்க நேர்ந்தது ஆட்டம் முடிந்த பிறகு. நாம் அதற்கு முன்பே கேட்கக்கூடிய இடத்தில் இருக்கிறோம்.